எந்தப் பக்கம்

'பக்க விளைவு' என்ற சொல்லில் சொல்பவர் நிற்கும் இடம் தெரிந்துவிடுகிறது. மருந்து எதற்காகத் தரப்பட்டதோ அது நடு, மற்றதெல்லாம் பக்கம். உடம்புக்கு இந்தப் பாகுபாடு கிடையாது.

பாக்லோஃபென் 1962ல் ஸ்விட்சர்லாந்தின் ஸீபா கம்பெனியில் வலிப்பு நோய்க்கென்று செய்யப்பட்டது. வலிப்பில் அது பெரிதாக எதையும் சாதிக்கவில்லை; தசை இறுக்கத்தைத் தளர்த்தியது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் மருந்தாயிற்று. இன்று நடுவில் இருப்பதே ஒரு காலத்துப் பக்கம்தான்.

தண்டுவடம் அறுந்தபின் கால்கள் மூளையைக் கேட்காமல் தம்பாட்டுக்கு விறைத்துத் துள்ளுகின்றன. மாத்திரை வேலை செய்ய வேண்டியது தண்டுவடத்தில். ஆனால் அது ரத்தத்தோடு மூளைக்கும் போகிறது. கால் அடங்க, ஆளும் கொஞ்சம் தூங்க வேண்டியிருக்கிறது. நரம்பு வலிக்குக் காபாபென்டினும் இரவுக்கு டயஸிபாமும் சேர்ந்தால் தூக்கம் இன்னும் கனக்கிறது. பம்ப் வைத்து, தண்டுவடத் திரவத்துக்குள்ளேயே மிகச் சிறிய அளவில் மருந்தைச் செலுத்தும் முறை 1984லேயே வந்துவிட்டது. அதன் விலை தி. நகரிலும்கூடப் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதது.

டாக்டர் பி. ராமமூர்த்தி 1950ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அன்று கேள்வி பிழைப்பாரா என்பது. இன்று, பிழைத்தவர் எவ்வளவு நேரம் விழித்திருப்பார் என்பதும் கேள்விதான்.

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர், மார்புக்குக் கீழே உணர்வற்றவர், வீட்டிலிருந்தே ப்ரூஃப் திருத்துகிறார். காலை மாத்திரைக்குப் பின் வரிகள் கலைந்துவிடுகின்றன என்கிறார். வீட்டார், "இப்பத்தான் நிம்மதியா இருக்கார்" என்கிறார்கள். யாருடைய நிம்மதி? தூங்குகிறவன் எதையும் கேட்பதில்லை. சுற்றியிருப்பவர்களுக்கு அது சௌகரியம். மயக்கத்தைச் சாந்தம் என்று வாசிப்பதில் ஒரு தார்மீகச் சோம்பல் இருக்கிறது.

விறைப்பும் முழுக்க எதிரியல்ல. கால் விறைக்கிற கணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார். அதற்காக மாத்திரையை விட்டெறிவதும் வீரமல்ல. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். விறைப்பின் வேதனையும் கற்பனையல்ல.

தசை இறுக்கத்தை டாக்டர்கள் 0 முதல் 4 வரை எண்ணிட்டு அளக்கிறார்கள். பிரக்ஞைக்கு, அது மயக்கமாகும்வரை, யாரும் எண் கேட்பதில்லை. அவரே கேட்க வைத்தார். அடையாறில் தான் பார்க்கும் டாக்டரிடம் பேசி, காலை அளவைப் படிப்படியாகக் குறைத்து, இரவுக்குக் கூட்டிக்கொண்டார். முற்பகலில் கால் துள்ளுகிறது, ப்ரூஃப் நடக்கிறது. இந்த பேரம் சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எது நடு, எது பக்கம் என்பதை அந்த உடம்பில் இருப்பவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.