பால் உணவகமும் பிரியாணி வட்டாவும்

 

தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள எங்கள் காவேரிப்பட்டினத்தில், ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்தார். ஒசூர் சிப்காட்டில் பணிபுரியும் அவருடைய மகன், கம்பெனி வேலையாக நியூயார்க் சென்று திரும்பியிருக்கிறார். அங்கே யூதர்களின் 'கோஷர்' பால் உணவகத்தில் பல நாள் சாப்பிட்டாராம். அவர் வாங்கி வந்த பிஸ்கட் பெட்டியை அத்தா வாசற்படி தாண்ட விடவில்லை. ஐந்து நாட்களாகத் தந்தையும் மகனும் ஒரே தஸ்தர்கானில் உட்காரவில்லை.

"ஹஜ்ரத், யூதன் கடைச் சோறு நமக்கு ஆகுமா?" என்று கலங்கிக் கேட்டார்.

முதலில் அந்த உணவகம் எத்தகையது என்பதை அறிவோம். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்பது தவ்ராத்தின் கட்டளைகளில் ஒன்று. அதைப் பேணும் யூதர்கள் இறைச்சியையும் பாலையும் ஒன்றாக உண்பதில்லை. பாத்திரங்களையும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். எனவே பால் உணவகத்தில் ஆடு, மாடு, கோழி எதுவும் வேகாது. மீன் உண்டு, அதுவும் செதிளும் துடுப்பும் உள்ள மீன் மட்டுமே.

நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் 'மெட்ராஸ் மஹால்', 'பொங்கல்' என்ற பெயர்களில் நம் தோசையும் இட்லியும் விற்ற கடைகள்கூட கோஷர் சான்றுடன் நடந்துள்ளன. அதே நகரில் 1938-இல் யூதர்கள் தொடங்கிய 'பி அண்ட் எச்' பால் உணவகத்தை இந்த நூற்றாண்டில் ஏற்று நடத்துபவர், எகிப்தில் பிறந்த ஒரு முஸ்லிமும் அவருடைய மனைவியும்!

இனி மார்க்கத்தின் தீர்ப்பைப் பார்ப்போம். வேதக்காரர்களின் உணவு நமக்கு ஆகுமென்று அல்மாயிதா அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் அறிவிக்கிறது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு யூதரிடம் கடனாக உணவு வாங்கி, தமது இரும்புக் கவசத்தை அடகு வைத்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாதென்று அதே அல்மாயிதாவின் 8-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அப்படியிருக்க, விற்றவர் யார் என்பதற்காக மட்டும் ஒரு பிஸ்கட்டை ஹராமாக்க நாம் யார்?

ஆயினும் கோஷர் வேறு, ஹலால் வேறு. அவர்களுக்குத் திராட்சை மது விலக்கப்பட்டதன்று. ஆகவே இனிப்பில், குழம்பில் மது சேர்ந்துள்ளதா என்று கேட்டறிவது கட்டாயம். பால்கட்டியை உறைய வைக்கும் பொருள் பற்றியும் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதைத் தூய்மையானதென்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ, முறைப்படி அறுக்கப்படாத பிராணியிலிருந்து எடுத்ததாயின் அது அசுத்தம். அவரவர் மத்ஹபைப் பேணிக் கொள்க.

இதைச் சொன்னதும் பெரியவர் தலைகுனிந்தார். சற்றுப் பொறுத்து, "நெடுஞ்சாலை ஓட்டல்களில் நான் பிரியாணி தின்னும்போது, அறுத்தது யாரென்று ஒருநாளும் கேட்டதில்லையே, ஹஜ்ரத்!" என்றார்.

சகோதரர்களே! நம்மில் பலருடைய நிலை இதுதான். கடல் கடந்து போன பிள்ளை, இறைச்சியே இல்லாத இடத்தைத் தேடி உண்டான். வீட்டிலிருந்த நாமோ, வாசனை வந்த பக்கமெல்லாம் வண்டியை நிறுத்தினோம். முஸ்லிம் தரும் இறைச்சியைத் துருவித் துருவி ஆராய வேண்டியதில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணலாம். ஆனால் அறுத்தவர் யாரென்றே தெரியாத இடத்தில் ஒரு வார்த்தை கேட்பதில் வெட்கமென்ன? ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு. இடையிலுள்ள சந்தேகமானவற்றை விட்டு விலகுபவரே தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்பது நபிமொழியின் கருத்து.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாம் தயிர் ஊற்றிப் பிரியாணி தம் போடுகிறோம். பேணுதலுள்ள யூதர் அதைத் தொடமாட்டார். அவர்கள்மீது சுமத்தப்பட்ட சில கட்டுப்பாடுகளை அல்லாஹ் நமக்கு இலேசாக்கினான். இலேசாக்கப்பட்டது நன்றி செலுத்துவதற்கே, அலட்சியமாய் இருப்பதற்கன்று.

அன்று மாலை அந்த வீட்டுப் பெட்டி உள்ளே சென்றது. தந்தையே அதைத் திறந்து, முதல் பிஸ்கட்டை மகன் கையில் கொடுத்தாராம்.

அல்லாஹுத் தஆலா நமது உணவை ஹலாலாகவும், உள்ளங்களை நீதியுள்ளவையாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.