தூங்கினால்தான் சோதனை

நாள் முந்திப் பிறந்த பிள்ளை வீடு வந்த பிறகும் ஆஸ்பத்திரி விடுவதில்லை. 34 வாரத்துக்கு முன் பிறந்ததா, எடை 2 கிலோவுக்குக் கீழா? பிறந்து 4 வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் பார்வையே போகலாம். காது, இதயம், எடை என்று மற்றவை அடுத்தடுத்த தேதிகளில்.

வாலாஜாபாத் வட்டாரத்தில் தறியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இந்தத் தேதிகள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலோ விழும். போகிற நாளில் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. செங்கல்பட்டுக்கு ரயில் உண்டு. அந்த ரயிலில் தாய் படும் பாடு தனி. காது நரம்பைப் பார்க்கும் பெரா சோதனைக்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் வழியெல்லாம் கண்ணயர விடாமல் உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டே வர வேண்டும். தாலாட்டுக்கு நேர் எதிரான வேலை! உள்ளே போய்ப் பால் கொடுத்து, கண் சொக்கியதும் நெற்றியிலும் காதோரத்திலும் ஒயர்களை ஒட்டுவார்கள். விழித்துக்கொண்டால் மறுபடி தூங்கும்வரை காத்திருப்புதான்.

இதையெல்லாம் வீட்டில் யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும், கூட ஒருவர் போகவும் வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, 2011இல் தொடங்கிய மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தில், நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனைகளில் மருந்து, பரிசோதனை, வாகனம் மூன்றும் இலவசம். வாகனத்துக்கு 102ஐ அழைக்கலாம்.