கேட்பவனுக்குப் பட்ட கடன்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலம் நகரை ஒட்டி, வெள்ளைக்கல் என்று ஊரார் சொல்லும் மேக்னசைட் கிடக்கிறது. மேலே ஏற்காட்டுப் பக்கம் பாக்சைட். தலைச்சோலை போன்ற மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு வேதியியல் பாடப்புத்தகத்தில் வரும் தாதுக்களில் குறைந்தது இரண்டு சுற்றுப்புற மண்ணிலேயே இருக்கின்றன. ஆனால் கல் பக்கத்தில் இருப்பதால் கணக்கு எளிதாகிவிடுவதில்லை. தூய மேக்னசைட் 84 கிலோவைச் சூளையில் முழுக்கச் சுட்டால் எவ்வளவு மேக்னீசியா மிஞ்சும்? 40 கிலோ. மூலக்கூறு நிறைகளைக் கூட்டத் தெரிந்தவர்கள் இரண்டு வரியில் போட்டுவிடுவார்கள். அது பிடிபடாத ஒருத்திக்குப் பக்கத்து பெஞ்சுக்காரி சொல்லிக்கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதை நாம் உதவி என்கிறோம். கொஞ்சம் உயர்த்திப் பேசினால் கல்வி தானம் என்கிறோம். அது தானம்தானா என்பதே என் கேள்வி. இல்லை என்பது என் கட்சி.

தானத்துக்கு ஒரு மேடு பள்ளம் வேண்டும். உள்ளவர் மேலே, இல்லாதவர் கீழே. சமணர் வகுத்த நால்வகைத் தானங்களில் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரமும் ஒன்று. கொடுத்தாலும் குறையாத பொருள் என்பதால் கல்விக்கு அந்த வரிசையில் தனி மதிப்பு. ஆனால் சமண முனிவரான பவணந்தியே நன்னூல் பாயிரத்தில் வேறொரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதைச் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால்பங்குதான்; உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால்; மிச்சமுள்ள அரை, பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதே வந்து சேர்கிறது. பின்னங்களைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அவற்றின் சாய்வு போதும். குறையவில்லை என்பதோடு நில்லாமல், சொல்லும்போதுதான் அறிவு நிரம்புகிறது என்கிறது இந்தக் கணக்கு. அப்படியானால் பெரும்பங்கு பெறுபவர் சொல்பவர். கடன் பட்டவரும் அவரே.

இது சும்மா சொல்லழகு அல்ல என்பதை அதே வெள்ளைக்கல் கணக்கில் பார்க்கலாம். 40 என்று விடை எழுதியவளுக்குச் சூத்திரம் தெரியும். கேட்பவளோ, “மிச்சம் 44 கிலோ எங்கே போச்சு? எரிஞ்சு இல்லாமலே போயிடுச்சா?” என்கிறாள். மதிப்பெண்ணுக்குத் தேவையில்லாத கேள்வி. ஆனால் வேதியியல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலந்தது, நிறை எங்கும் அழியவில்லை என்று விளக்கப் புகும்போதுதான், தான் இதுவரை போட்டது கழித்தல் மட்டுமே என்பது சொல்பவளுக்கே உறைக்கும். ஆசிரியருக்கு இந்த இடம் பழகித் தேய்ந்த பாதை. தடுக்கும் கல் எது என்பதை அவர் மறந்திருக்கக்கூடும். போன வாரம் அதே கல்லில் தடுக்கி விழுந்தவளுக்கு வலி இன்னும் நினைவிருக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு நம் சமய மரபிலிருந்தே வருகிறது. குருடும் குருடும் கூடிக் குழியில் விழுவதைத் திருமந்திரம் எச்சரிக்கிறது. உயிர் தானாக அறியாது, அறிவிக்கவே அறியும் என்பது சைவ சித்தாந்தம். அறியாத இருவர் பேசி அறிவு எங்கிருந்து முளைக்கும்? கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்புகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்று இதையே சோதித்தது. குழுவில் ஒருவருக்கும் முதலில் விடை தெரியாதபோதுகூட, பேசிப் பார்த்தபின் அதே கருத்தைத் தொட்ட வேறொரு கேள்விக்குச் சரியாக விடை சொன்னவர்கள் கூடினார்கள். காரணம் மாயமல்ல. வெள்ளைக்கல் கணக்கையே எடுத்துக்கொண்டால், சமன்பாட்டின் இருபுறமும் அணுக்கள் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இரு மாணவிகளுக்கும் மேலே ஒரு நடுவர் இருக்கிறார். உள்ளது அழியாது, இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதத்தைச் சித்தாந்தியும் ஏற்கிறவர்தான். நிறை அழியாமைக்கும் அதற்கும் முடிச்சுப் போடப் போவதில்லை, ஒன்று தத்துவம், மற்றது தராசு. ஆனால் பேச்சு தடம் மாறாமல் பிடித்து நிறுத்த அப்படியொரு பொதுவிதி வேண்டும் என்பது அவருக்கும் உடன்பாடாகவே இருக்கும்.

இந்த வாதத்துக்கு எல்லையும் உண்டு. ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள் என்பதை எவ்வளவு பேசினாலும் இருவரால் கண்டுபிடிக்க முடியாது. அதைப் புத்தகமோ ஆசிரியரோ சொல்லித்தான் ஆக வேண்டும். ஆன்ம விடுதலைக்குச் சரிபார்க்கும் சமன்பாடு இல்லை, ஆகவே அங்கே குருவின் இருக்கையை நான் அசைக்கவில்லை. இருந்தாலும், சகலாகம பண்டிதர் எனப்பட்ட அருணந்தி, தம்மிலும் இளையவரான மெய்கண்டாருக்கு மாணவரானார் என்ற செய்தியைப் போற்றிக் காத்ததும் இதே சைவ சித்தாந்த மரபுதான்.

இன்னொரு மறுப்பை வரலாறு எழுப்புகிறது. சென்னை எழும்பூரில் ஆண் அநாதை விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறையை வகுத்தார். 1797இல் அதை நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேய்ந்தும் போனது. மலிவு என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையைப் போல அங்கும் மாணவருக்குள் ஒருவர் அதிகாரியானார். பாடத்தை ஒப்பிக்க வைப்பதும் ஒழுங்கு காப்பதும் அவர் வேலையாயின. அதிகாரியை எதிர்த்து “44 எங்கே போச்சு?” என்று யார் கேட்பார்கள்? ஆகவே பெல்லின் தோல்வி என் வாதத்தைக் குலைக்கவில்லை. சமமானவர்களுக்கிடையே நடப்பதைப் பதவியாக்கினால் அது கெடும் என்றே காட்டுகிறது. மலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் அதற்கும் இதுவே பதில். நன்னூல் கணக்கில் முதல் கால்பங்கு இல்லாமல் மற்றவை தொடங்குவதேயில்லை.

தரவரிசைத் தேர்வுகளின் காலத்தில் சொல்லிக்கொடுப்பவர் தன் இடத்தை இழக்க மாட்டாரா என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஒரு சில இடங்கள் இறங்க நேரலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒளித்துவைப்பவர் இழப்பது தன் அறிவின் அரைப்பங்கை. எந்த இழப்பு பெரிது என்பதற்குத் தேர்வு முகமையிடம் அளவுகோல் கிடையாது. கேட்பவர் பக்கமும் இதனால் ஒரு பொறுப்பு வந்து விழுகிறது. அவர் இரவலர் அல்ல என்றால், கூச்சத்தால் பாதியிலேயே “புரிஞ்சிடுச்சு” என்று தலையாட்டவும் அவருக்கு உரிமையில்லை. அந்தப் பொய்யால் சொல்பவருக்கு வரவேண்டிய அரையும் அல்லவா நின்றுபோகிறது.