எண்ணெய் தீர்ந்தாலும் ஓடும் மிஷின்



ஒரு கேள்வி. யாரும் பார்க்காத இடத்தில் செய்யாமல் விட்ட வேலை குற்றமா?

2018 நவம்பர் 16-ந்தேதி அடித்த கஜா புயலை நம்ம ஜில்லா மறக்குமா? வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. எங்கே பார்த்தாலும் மரம் அறுக்கும் மிஷின் சத்தம். அரிமளத்தைச் சுற்றியுள்ள தைலமரக் காடுகளிலும் அந்தச் சத்தம் நமக்குப் புதிதல்ல. அந்த மிஷினை வைத்தே இந்தக் கேள்வியைப் பார்ப்போம்.

மரத்தைக் குறுக்கே துண்டு போடுவது சீக்கிரம் முடிந்துவிடும். நீளவாக்கில் பலகை அறுக்கும்போதோ செயின் நிமிஷக்கணக்கில் மரத்துக்குள்ளேயே ஓடுகிறது. சூடு ஏறுகிறது. குறுக்கு அறுப்புக்கு 30 டிகிரியில் அரம் போடும் பல்லை, பலகைக்கு 10 டிகிரி அளவில் போடுகிறார்கள். ஆனால் பல் எவ்வளவு கூராக இருந்தாலும், செயினையும் அது ஓடுகிற இரும்புப் பட்டையையும் காப்பாற்றுவது எண்ணெய்தான்.

மிஷினில் இரண்டு டேங்க் உண்டு. ஒன்றில் 2டி ஆயில் கலந்த பெட்ரோல், மற்றதில் செயின் ஆயில். பெட்ரோல் தீர்ந்தால் மிஷின் நின்றுவிடும், எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் தீர்ந்தால் மிஷின் நிற்காது! ஓடிக்கொண்டே உள்ளுக்குள் தேயும். இதைக் கவனியுங்கள்.

சோதிப்பது சுலபம். பட்டையின் நுனியை வெளிறிய மரக்கட்டைக்கு நேரே, தொடாமல் பிடித்து முறுக்கினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். பெட்ரோல் தீர்ந்த பிறகும் எண்ணெய் நிறைய மிச்சமிருந்தால், அது இறங்கவில்லை என்று அர்த்தம். மிஷினை நிறுத்தி, பட்டையைக் கழற்றி, பள்ளத்திலும் எண்ணெய்த் துளையிலும் அடைத்த தூளைச் சுரண்ட வேண்டும். கொஞ்ச நேர வேலைதான்.

"வாடகை மிஷின்தானே, சாயங்காலம் கொடுத்துடப் போறோம்" என்பார் ஒருவர். "பழைய என்ஜின் ஆயிலை ஊத்து, யாருக்குத் தெரியும்?" என்பார் இன்னொருவர். அந்தக் கழிவு ஆயிலில் இரும்புத் தூள் இருக்கிறது, அது பம்பைக் கெடுக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருளும் அதில் உண்டு. செயினோடு ஒட்டி நிற்கும் பசையோ இல்லை. தெறிப்பதெல்லாம் அறுப்பவர் மேல்தான்.

"கூலியே கொஞ்சம், ஆயிலுக்கு எங்கே போவேன்?" என்றால், நியாயமான கேள்விதான். ஆயில் காசைச் சேர்க்காமல் கூலி பேசின கான்ட்ராக்டருக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு. ஆனாலும் நம் பங்கு தீர்ந்ததா? இன்று எண்ணெய் விடாதவருக்கு இன்று நஷ்டமில்லை. நாளைக்கு அதே மிஷினை எடுக்கிறவர் கையில் செயின் அறுந்து தெறிக்கலாம். அவரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். நாம் விட்டதை இன்னொருவர் சுமக்கிறார் என்றால், அது குற்றந்தான்.

பிரியமானவர்களே, பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் எண்ணெயும் ஊற்றுங்கள்.