வினைப்பயனும் தீராத வழக்கும்

நீதிமன்றம் காணத் தவறிய கொலைஞனை வினைப்பயன் கண்டே தீரும் என்று வெள்ளவத்தைக் கோயில் வீதியிலும் கொட்டாஞ்சேனை ஆலய முன்றலிலும் நம்மவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த ஆறுதல் மெய்யானதுதானா?

2006 நவம்பர் 10 ஆம் திகதி காலையில், யாழ்ப்பாணத்தின் முன்னாள் மேயரும் பாராளுமன்ற உறுப்பினருமான சட்டத்தரணி நடராஜா ரவிராஜ், கொழும்பு நாரஹேன்பிட்டியில் தம் வாகனத்தில் புறப்பட்டபோது, மெய்க்காவலரான பொலிஸ் உத்தியோகத்தருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாண்டுகள் கழிந்து, 2016 டிசம்பர் 24 ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், விசேட ஜூரிகள் எதிரிகள் ஐவரையும் குற்றவாளிகளல்லர் என்றனர்.

சைவசித்தாந்தம் இங்கே நுட்பமான ஒன்றைக் கூறுகிறது: வினை சடம், செய்தவனைத் தானே தேடிச் சென்று பற்றும் அறிவு அதற்கில்லை, அதனை அவனிடம் கூட்டுவிப்பவன் இறைவனே. ஆனால் அது இறைவனின் கணக்கு. மாண்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சமுதாயம் செலுத்தவேண்டிய கடனை அக்கணக்கு தீர்த்துவிடும் என்று நான் கொள்ளவில்லை. சேக்கிழார் பெருமான் காட்டும் மனுநீதிச் சோழன், தன் மகனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு அசைத்த மணியோசை கேட்டு, மந்திரிகள் பிராயச்சித்தம் போதுமென்று மறைவழி காட்டியும் அதனை ஏற்க மறுத்தான். அம்மகனுக்கு அவன் விதித்த தண்டனையின் கடுமை நமக்கு ஏற்புடையதன்று, ஆயினும் பசுவின் துயரைக் கர்மத்தின்மேல் சுமத்தி அரண்மனைக் கதவைச் சாத்திக்கொள்ளாத அந்த நெஞ்சத்திலேதான் தர்மம் குடியிருந்தது.

வினை பார்த்துக்கொள்ளும் என்று எழுந்து போவதைப் பக்தியென்று நான் ஏற்கமாட்டேன். இறைவனை நம்புகிறவர்களே, ரவிராஜைக் கொன்றவர் யார் என்று கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.