இறக்கி வைத்த சுமை

தனியே நடப்பவன் எவருக்கும் கடன்பட்டவன் அல்லன் என்னும் எண்ணம் நம்முள் பலருக்கு உண்டு. துணைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. விரும்பிய இடத்தில் நிற்கலாம், விரும்பியபோது புறப்படலாம். அவ்வெண்ணத்துடனேயே, ஒரு நாள் முழுவதும் கால்நடையாய்ச் சுற்றிப் பார்க்கவென்று ஒருமுறை புளியஞ்சோலைக்குச் சென்றிருந்தோம்.

துறையூரை அடுத்து, கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் அது. மலைமேல் ஆகாயகங்கை அருவியாய் விழும் அய்யாறு, இங்கே மரநிழலில் பாறைகளைத் தழுவி ஓடுகிறது. காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஊர்திகள் மலையேறுகின்றன. நாம் ஏறியதோ, மலைவாழ் மக்களின் பாதங்கள் உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை.

சற்று ஏறியதும், தலையில் பலாப்பழ மூட்டையுடன் முதியவர் ஒருவர் எதிரே வந்தார். “பெரியவரே, அருவிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?” என்று வினவினோம். அவர் மூட்டையை இறக்கி வைத்து, மேலே கைகாட்டிப் பொறுமையாய் வழி சொன்னார். நன்றி கூறி நடந்தோம். ஒரு திருப்பத்தில் நின்று பள்ளத்தாக்கின் அழகை நோக்கியபோது, கீழே அவர் அதே இடத்தில் நிற்கக் கண்டோம். மூட்டையைத் தூக்கிவிட மற்றொரு கை வேண்டும், அதற்காகக் காத்திருந்தார். நாம் விரைந்து இறங்குவதற்குள் வேறொருவர் வந்து தூக்கிவிட்டார்.

இதில் நாம் இழைத்த தவறு யாது? விதி எதையும் மீறவில்லை, நன்றியும் கூறினோம். ஆயினும் அந்த உதவிக்கு அவர் கொடுத்த விலையை நாம் காணவில்லை. விலை அறியாத நன்றி வெறும் ஒலியே அன்றோ?

1336ஆம் ஆண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், பிரான்சு நாட்டின் வாந்தூ மலையுச்சியில் புனித அகுஸ்தினாரின் தன்வரலாற்று நூலைத் திறந்தார். மலைகளை வியக்கும் மனிதர் தம்மையே மறந்துவிடுகின்றனர் என்னும் கருத்து அங்கே கண்ணில் பட, நாணமுற்று மௌனமாய் இறங்கினார் என்பது அவர்தம் மடல் தரும் செய்தி. நம் மறதியோ வேறு வகையானது. நாம் நம்மை மறக்கவில்லை. எதிரே நின்றவரை மறந்தோம்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, வழியோரம் சுமைதாங்கி அமைத்தனர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதனை எழுப்புவதும் வழக்கம். தனியே சுமந்து வருபவன் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் அக்கல் உதவிற்று. யாரென்று அறியாத வழிப்போக்கனுக்காக, தாம் இல்லாத காலத்துக்கும் ஒரு கையை நிறுத்திவைத்த அறம் அது.

வள்ளல் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. அம்மலைப் பாதையில் நம்மிடம் பொன்னோ பொருளோ எவரும் கேட்கவில்லை. கேளாமலே தந்திருக்க வேண்டியது ஒரு கைத்துணை; அதை நாம் தரவில்லை.

அன்று அருவியைக் கண்டோம். அதன் அழகு நினைவில் மங்கிவிட்டது. வழியை நோக்கி நின்ற அம்முதியவர் மட்டும் மங்கவில்லை.