காக்கா தூக்கிப் போகவில்லை

ஒன்றரை வயதுக் குழந்தையின் பால் பாட்டிலை நிறுத்த வேண்டிய நாள் வந்ததும் நம் வீடுகளில் பொய்கள் அணிவகுத்து நிற்கின்றன. "பாட்டிலைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு." "பூனை வாய் வெச்சிடுச்சு, ச்சீ." "பாட்டில் கேட்டா டாக்டர் ஊசி போட்டுடுவார்." பொய் போதாத வீட்டில் நிப்பிளில் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள்; மிளகாய்த்தூள் வரை போகிறவர்களும் உண்டு. கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கிவிட்டு வருகிறவரின் வீட்டிலும் பூச்சாண்டி குடியிருக்கிறான். ஒரு மனித உயிரின் அறிவோடு நாம் நடத்துகிற முதல் வழக்கு இது. அதைப் பொய்ச்சாட்சியோடு தொடங்குவது அறக்கேடு என்கிறேன்.

நிறுத்த வேண்டுமா என்பதில் ஐயம் வேண்டாம். பசும்பாலில் இரும்புச்சத்து லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. 1 முதல் 3 வயதுவரை உள்ள குழந்தைக்கு உணவின் வழியே ஒரு நாளைக்கு ஏழெட்டு மில்லிகிராம் தேவை. போதாததற்கு, பாலில் இருக்கும் கால்சியமும் கேசின் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. 240 மில்லி பாட்டிலை நாளுக்கு நான்கு முறை காலி செய்கிற குழந்தைக்கு, அன்றைக்கு வேண்டிய சக்தியில் பாதி பாலிலேயே வந்துவிடுகிறது. அப்புறம் சோறு எப்படி இறங்கும்? "எதுவுமே சாப்பிட மாட்டேங்குது, பாட்டில் பால்லதான் ஓடுது" என்று அம்மா கவலைப்படுகிறார். பாலில் ஓடுவதால்தான் சாப்பிடவில்லை. ஆவின் அரை லிட்டர் பாக்கெட் ஒன்று, அதுவே இந்த வயதுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுவரை உள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4. இதற்கெல்லாம் பாட்டில்தான் காரணம் என்று சொன்னால் அது புரட்டு. வறுமையும், முட்டையும் கறியும் கீரையும் எட்டாத தட்டும்தான் பெரிய காரணங்கள். ஆனால் இவையெல்லாம் வாங்க வசதியுள்ள வீடுகளிலும் வெளிறிய குழந்தைகள் இருக்கிறார்கள். பாலைப் பற்றிய பக்தி அங்கே வேலை செய்கிறது. பால் வெள்ளை, பால் தூய்மை, பால் குடித்தால் பிள்ளை வளரும் என்று கேள்வியே கேட்காமல் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

பல்லின் கதை வேறு. பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு உமிழ்நீர் குறைந்து, பால் மேல்வரிசை முன்பற்களில் தேங்கி நின்று அரிக்கிறது. கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை ஓரளவு தப்பிக்கின்றன. "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறார்கள். வலி இன்றைக்கு வலிக்கிறது.

பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டிலேயே இந்திய நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. பால்புட்டியையும் தாய்ப்பாலுக்கு மாற்றான மாவுகளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த அந்தத் தெளிவு நம் வீட்டுப் பேச்சில் வரவில்லை. பாட்டிலுக்கு மாற்றாக, மூக்கு நீட்டிய பாலாடை என்கிற ஊட்டுக்கிண்ணம் நம் அடுக்களைகளில் இருந்தது. பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் செவிலியர்கள் இன்றும் அதில் ஊட்டுகிறார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம், சின்ன டம்ளர் போதும்.

இனி பொய்க்கு வருகிறேன். காக்கா தூக்கிப் போனது என்று சொல்வதால் குழந்தை அழாமல் இருக்கிறதா? அழத்தான் செய்கிறது. பிறகு யாருக்காக அந்தப் பொய்? நமக்காக. பாட்டிலை எடுத்தவர் நாம்தான் என்று அதற்குத் தெரியக் கூடாது. அதன் கோபம் காக்கா மேல் போக வேண்டும், அதன் அணைப்பு மட்டும் நமக்கு வேண்டும். அதிகாரத்தைச் செலுத்துவோம், அதற்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்கிற இந்தக் குணத்தைத்தான் வாழ்நாளெல்லாம் பார்க்கிறோம். படிப்பை நிறுத்திய அப்பா "உன் தலையெழுத்து" என்கிறார். கல்யாணத்தைத் திணித்த சொந்தக்காரர்கள் "கடவுள் போட்ட முடிச்சு" என்கிறார்கள். முடிவு எடுத்தது மனிதர். பழியை ஏற்பது விதி. இந்தப் பாடத்தின் முதல் வகுப்பைத் தொட்டிலருகிலேயே நடத்திவிடுகிறோம்.

டாக்டர் ஊசி என்ற மிரட்டல் இன்னும் கொடியது. 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும் போட வேண்டும். பாட்டிலை நிறுத்துகிற அதே மாதங்களில், தன்னைக் காப்பாற்ற வருகிற செவிலியரையே அந்தக் குழந்தை பேயாகப் பார்க்கும்படி செய்துவிடுகிறோம். தடுப்பூசிக்கு அஞ்சும் பெரியவர்களை அறியாமைக்காகக் கடிந்துகொள்ள நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"அதுக்கு என்ன புரியும்?" என்று கேட்பார்கள். இந்த வயதில் பேச்சு பின்தங்கி நிற்கும், புரிதல் வெகுதூரம் முன்னால் ஓடும். "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிற குழந்தைக்கு "இனிமே பால் டம்ளர்லதான்" என்பதும் புரியும். ஏற்காமல் போகலாம், அது வேறு. முதலில் பகல் பாட்டில், கடைசியாகத் தூக்கப் பாட்டில் என்று ஒவ்வொன்றாக நிறுத்தலாம். இரவில் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போகும் வழியும் உண்டு. அதையும் ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. "ராத்திரி பாட்டில்ல தண்ணிதான் கண்ணு, பால் குடிச்சா பல்லு வலிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தால் காரணம் சொன்னதாகிறது. அழும். அழட்டும், நம் மடியில் அழட்டும். தனக்குப் பிடித்த ஒன்றை இழந்தவருக்கு அழ உரிமை உண்டு.

இன்னொரு வசதியும் உண்மைக்கு இருக்கிறது. நடுவில் காய்ச்சல் வந்து முடிவைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால், "உடம்பு சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடலாம். காக்காவிடம் பறிகொடுத்தவர்கள் அந்தப் பாட்டிலை எங்கிருந்து வரவழைப்பார்கள்?

தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. வேலைக்குப் போய் வந்து, இரவு இரண்டு மணிக்குத் தனியாக எழுந்து உட்காரும் பெண் பாட்டிலையோ பொய்யையோ நாடினால், அவளை அந்த இடத்தில் விட்டவர் பக்கத்து அறையில் தூங்குகிறார். நேர்மைக்கு நேரம் வேண்டும், கண்விழிப்பு வேண்டும். பகுத்தறிவு பேசும் அப்பாக்களே, பாட்டில் இல்லாத முதல் சில இரவுகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் பால்வாசம் இல்லாத தோளில் பல குழந்தைகள் சீக்கிரமே அடங்குகிறார்கள். "பாட்டில் எங்கே?" என்று உங்கள் குழந்தை கையை விரித்துக் கேட்கும்போது, "அப்பா எடுத்து வெச்சிட்டேன்" என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.